காலில் விழுந்தவர்கள்

கோகுலகிருஷ்ணன் தம் அறுபத்தெட்டு வயதுக்குள் மூன்று மனிதர்கள் காலில்தான் விழுந்திருந்தார். அப்பா, அம்மா, தறி வேலை சொல்லிக்கொடுத்த பெரியப்பா. கல்யாணத்தில் மாமனார் காலில் விழச் சொன்னபோதுகூடக் கையைக் கூப்பியதோடு நிறுத்திக்கொண்டவர். நகரியில் அவர் தெருவுக்கே இது தெரியும். அப்பேர்ப்பட்டவர் நாலாவதாக விழுந்தது பெற்ற பிள்ளை சுரேஷ்பாபுவின் காலில்.

கார்த்திகை பிறந்த அன்று காலை, கோகுலகிருஷ்ணன் உற்சவக் கமிட்டியில் இருந்த தெருக்கோடி முருகன் கோயிலில், குருசாமி வெங்கட் கையால் சுரேஷ்பாபு ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, நெற்றி நிறையச் சந்தனம். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் பிள்ளை பிள்ளையில்லை, சாமி. அப்பனும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். காலையும் தொட்டாக வேண்டும். கோகுலகிருஷ்ணன் விழுந்த வேகம் தெரியாமல் எழுந்துவிட்டார். அந்த ஒரு நொடியில் அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான். பிள்ளையின் கால் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

மாலை போடும் யோசனை அவருடையது.

சுரேஷ்பாபுவுக்கு முப்பத்தாறு வயது. குடி வெகுநாளாக இருந்தது. ஒரு வருஷமாக அது பொழுது விடிந்ததுமே தொடங்கிவிடும். கூடவே இன்னொன்றும் இருந்தது. தறிக்கு வந்துகொண்டிருந்த வரை, ஓடிக்கொண்டிருக்கும் விசைத்தறியைத் திடீரென்று நிறுத்திவிட்டு, பாவு நூலைக் கையால் தடவி, அறுந்த இழையைத் தேடுவான். எதுவும் அறுந்திருக்காது. "அறுந்துட்ச்சின்னு சொன்னாங்களே நைனா" என்பான். பன்னிரண்டு தறி ஓடும் கொட்டகையில், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. யார் சொன்னார்கள் என்று கோகுலகிருஷ்ணன் ஒரு நாளும் கேட்கவில்லை. உடம்பு வணங்காதவன் கண்டுபிடித்த சாக்கு என்று வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

தெருவுக்கு இது தெரியாது. தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார். பிள்ளைக்கு முதுகுத்தண்டில் கோளாறு, மாடியறையில் படுத்திருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். பிராந்திக் கடை வாசலில் தம் வீட்டுப் பிள்ளை நிற்பதை நாலு பேர் பார்த்துவிட்டால் என்ன ஆவது? அதனால் வாரத்துக்கு இரண்டு முறை அவரே பஸ் ஏறிப் புத்தூர் போனார். தம்மைத் தெரியாத கடையில் வாங்கி, காய்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து, மாடிப்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். தறியாட்கள்தான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று மருமகள் மோனிகா நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அதைத் திருத்தவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் அவள் ஒரு சீட்டோடு வந்து நின்றாள்.

"மாமா, திருப்பதில பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னே டாக்டருங்க கீறாங்களாம். குடியையும் பாப்பாங்க, அவருக்குக் கேக்குற குரலையும் பாப்பாங்க. விசாரிச்சி எழுதிகினு வந்தேன். சேத்துடலாம் மாமா."

"எந்தக் குரல்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க மாமா."

"இந்த வூட்டு ஆம்பளயப் பைத்தியக்கார வார்டுல படுக்க வெச்சிட்டு, நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு கோயிலுக்குப் போறது? ஒரு மாசம் பொறு. வேற வழி வெச்சிகீறேன்."

அந்த வேறு வழிதான் மாலை. மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் குடிக்கக் கூடாது. தெய்வத்துக்குப் பயந்து எத்தனையோ பேர் அப்படி விட்டிருக்கிறார்கள். ஒரு வருஷமாக வெளியே தலைகாட்டாத பிள்ளை தெருவில் இறங்கி நடப்பான். பார்க்கிறவர்கள் சாமி என்று கும்பிடுவார்கள். வைத்தியத்துக்கு வைத்தியம், கௌரவத்துக்குக் கௌரவம். அப்படி விட்டவர்கள் சாயங்காலம் மட்டும் குடித்தவர்கள் என்பதும், தம் பிள்ளை தலைமாட்டில் புட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறவன் என்பதும் அவர் நினைப்பில் வரவில்லை. மாலைக்கு முதல் நாளோடு புத்தூர் போவதை நிறுத்தினார். ஒரே நாளில், ஒரு சொட்டும் இல்லாமல்.

மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டுச் சுலோச்சனா மாலை போட்ட சாமிகளுக்கெல்லாம் சாப்பாடு போட்டாள். கூடத்தில் பன்னிரண்டு இலை. மூன்றாவது இலையில் சுரேஷ்பாபு. பஜனை முடிந்து சோறு பரிமாறியபோது அவன் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. கார்த்திகை மழையில் மற்றவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்க, அவனுக்கு மட்டும் கழுத்தில் வேர்வை ஓடியது. சோற்றைத் தொடாமல் இலையின் மேல் எதையோ தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தான். பிறகு சுவரைப் பார்த்து எழுந்தான்.

"வருதுங்க... சுவத்துல வருதுங்க பாரு! தூக்கிப் போடு! எல்லாத்தையும் தூக்கிப் போடு!"

யாரோ "சாமியே சரணம்" என்றார்கள். அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. கற்பூரம் ஏற்றினார்கள். "கன்னிச்சாமி மேல ஐயன் எறங்கிட்டாரு" என்று குருசாமி வெங்கட் தழுதழுத்தார். அறுபத்திரண்டு வயது, பதினெட்டு முறை மலை ஏறியவர், முதல் ஆளாகச் சுரேஷ்பாபு காலில் விழுந்தார். அப்புறம் மற்ற சாமிகள், பரிமாறிய பெண்கள், வாசலில் நின்றவர்கள்.

சுலோச்சனா மகள் தேவசேனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது; சின்னதிலிருந்தே வலிப்பு. "சாமி, எம் பொண்ணுக்கு ஒரு வார்த்த சொல்லு சாமி! பத்து வருஷமா மாத்திர துன்னுகினு கீறா! இன்னும் எத்தினி நாளு சாமி?"

"தூக்கிப் போடு!" என்று சுரேஷ்பாபு சுவரைப் பார்த்துக் கத்தினான்.

சுலோச்சனா அழுதுகொண்டே விழுந்தாள்.

கோகுலகிருஷ்ணன் கதவை ஒட்டி நின்றிருந்தார். அவருக்குத் தெரியும். காந்தி ஜெயந்தியன்று கடை மூடியிருந்தது, கையிருப்பும் தீர்ந்துவிட்டது. அன்றைக்குப் பொழுது சாயும்போது மாடியறைச் சுவரில் எறும்பு வருகிறது என்று இதே பிள்ளை இதே மாதிரி தட்டிக்கொண்டிருந்ததை இதே கண்ணால் பார்த்தவர். மறுநாள் முதல் பஸ்ஸில் புத்தூர் போய் வந்த பிறகுதான் எறும்பு போயிற்று. இது ஐயப்பனில்லை என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"பெத்த புண்ணியம்ணா உங்களுக்கு" என்று யாரோ அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். அவர் பதிலுக்குக் கும்பிட்டார். முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தக் கும்பிடு இனித்தது. அதைத்தான் பின்னால் அவரால் தமக்கே மன்னிக்க முடியவில்லை.

கால் மணி நேரத்தில் சுரேஷ்பாபு வெட்டிய மரம் போல விழுந்தான். கை கால் இழுத்தது. வாயில் நுரை. கொல்லைப்புறச் சமையற்கட்டில் கைவேலையாக இருந்த மோனிகா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, "வண்டி! யாராவது ஒரு வண்டி கொண்டாங்க!" என்று கத்தினாள்.

"ஐயனத் தாங்குற சக்தி ஒடம்புக்கு இல்ல" என்றார் வெங்கட். ஆனாலும் அவரே காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சரணம் சொல்லிக்கொண்டே வந்தார்.

புத்தூர் வந்தது. அந்தக் கடையைத் தாண்டும்போது கோகுலகிருஷ்ணன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"மாமா" என்றாள் மோனிகா, மெதுவாக. "டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லணும். மறைக்கக் கூடாது."

"நான் பேசிக்கிறேன். நீ அவன் கூடவே இரு."

திருப்பதி ஆஸ்பத்திரியில் சுரேஷ்பாபுவைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். அவன் கண்ணைத் திறந்து மறுபடியும் எதையோ தட்ட ஆரம்பித்தான். அவனைப் பிடித்துக்கொள்ள மோனிகாவும் உள்ளே போனாள். டாக்டர் வெளியே வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தெலுங்குப் பெண்.

"தாத்தா, மந்து அலவாட்டு உந்தா?"

குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கிறாள். வராந்தாவில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பக்கத்தில் வெங்கட் நின்றார்.

"லேது" என்று மறுத்தார் கோகுலகிருஷ்ணன்.

அவள் விடவில்லை. தமிழில் கேட்டாள். "எப்பவாவது? கொஞ்சம்கூட? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தாத்தா. இது ரொம்ப முக்கியம்."

"அம்மா, மாலை போட்டவரப் பத்தி இந்தக் கேள்வி கேக்கலாமா?" என்றார் வெங்கட். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் இந்தக் கையால போட்ட மாலைம்மா. அந்த நாத்தமே அவங்க வூட்ல கெடையாது. இவரு யாருன்னு எங்க ஊர்ல வந்து கேட்டுப் பாருங்க."

டாக்டர் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அப்படின்னா மூளைக் காய்ச்சலா இருக்கலாம். ஸ்கேன் எடுக்கணும். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். அதுக்கான மருந்து ஆரம்பிக்கறோம்" என்று சொல்லி, அட்டையில் எழுதிக்கொண்டே போய்விட்டாள்.

மூளைக் காய்ச்சல். அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. யாருக்கும் வரக்கூடிய நோய். தெருவில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய நோய்.

மோனிகா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். புடவைத் தலைப்பெல்லாம் நுரைக் கறை. "மாமா, சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். காலையிலிருந்து அவரைக் கும்பிட்டவர்களில் அது எத்தனையாவது கும்பிடோ. இது மட்டும் இனிக்கவில்லை.

வெங்கட்டின் போன் அடித்தது. அவர் கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

"சுலோச்சனா பேசறாண்ணா. சாமி வாக்குப்படி தேவசேனாவோட மாத்திரயெல்லாம் கொண்டுபோயி வாய்க்கால்ல போட்டுட்டாளாம். பத்து வருஷத்துப் பாரம் எறங்கிட்ச்சின்னு அழுவறா. பொண்ணக் கூட்டினு நாளைக்கு இங்க வந்து சாமியப் பாக்கறாளாம்."

கோகுலகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

தம் வீட்டு விஷயம் தம் வீட்டோடு இருக்கும் என்றுதான் இத்தனை நாள் மூடி வைத்தார். தம் பிள்ளை, தம் மானம், தம் பாடு. எதிர்வீட்டுப் பெண்ணின் மருந்து வாய்க்காலில் போகும் என்று யார் கண்டார்கள்? ஊராருடைய ஒரு துரும்புக்கும் தம்மால் கெடுதல் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். நாளைக்கோ நாளன்றைக்கோ அந்தப் பெண் இதே மாதிரி கை கால் இழுத்து விழுவாள். அவள் அம்மா அதையும் சாமி என்று கும்பிடுவாள்.

"போன வெய்யி" என்றார்.

"இன்னாண்ணா?"

"வெய்யின்னு சொல்றேன். நான் பேசறேன் அவகிட்ட. முதல்ல டாக்டரக் கூப்புடு."

வெங்கட் திகைத்துப் போய்க் கூட்டிவந்தார். வராந்தாவில் அதே ஏழெட்டுப் பேர். தனியாகச் சொல்லலாம் என்று அவள் கதவைக் காட்டினாள். கோகுலகிருஷ்ணன் அசையவில்லை. அசைந்தால் சொல்லமாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அலவாட்டு உந்தி" என்றார். பிறகு தமிழில் சொன்னார். "குடிப்பான். மூணு நாளா இல்ல. அதுக்கு முன்னாடி தெனமும்."

"எவ்வளவு?"

"மூணு குவார்ட்டர். சில நாளு நாலு."

"சரியாத் தெரியுமா? வீட்ல சொல்றவங்க எப்பவும் கொறச்சுத்தான் சொல்லுவாங்க."

"சரியாத் தெரியும்மா. வாங்கினு வந்து குடுத்தது நான்தான்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு முறை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "அரை மணி நேரம் போயிடுச்சு தாத்தா" என்று மட்டும் சொன்னாள். "குடியை ஒரே நாள்ல நிறுத்தினதால வந்தது இது. இதுக்கு மருந்தே வேற." கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வெங்கட் அப்படியே நின்றார். அவர் நெற்றியில் மத்தியானம் கூடத்துத் தரையில் பட்ட குங்குமம் ஒட்டியிருந்தது. துண்டால் அதைத் துடைத்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார். "மாலையே போட்டிருக்க மாட்டேன். நானே கூட்டினு வந்து இங்க சேத்திருப்பேன்."

கோகுலகிருஷ்ணன் போனுக்குக் கையை நீட்டினார்.

"சுலோச்சனா, நான் எதிர்வூட்டு அண்ணன் பேசறேன். தேவசேனாவுக்கு மாத்திரய உடனே வாங்கு. ஒரு வேளகூட விடாத."

"சாமி சொல்லிட்டாரே அண்ணா..."

"அது சாமி இல்லம்மா."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"குடிக்காம போனா அவனுக்கு அப்படித்தான் வரும். எறும்பு வர்றாப்பல தெரியும். எறும்பத்தான் தூக்கிப் போடச் சொன்னான். உம் பொண்ணு பேச்சு அவன் காதுலயே வுழல."

மறுமுனையில் தெருவில் மைக்கில் பஜனைப் பாட்டு ஓடுவது கேட்டது.

"தெரிஞ்சேதான் நின்னுகினு இருந்தீங்களா?"

"ஆமா."

"நாங்க எல்லாம் கால்ல வியுந்துகினு இருந்தப்போ?"

"ஆமாம்மா."

"போன வருஷம் எங்க வூட்டுக்காரரு ஒரே ஒரு நாளு குடிச்சிட்டு வந்தாருன்னு உற்சவக் கமிட்டியில இருந்து பேர அடிச்சீங்க. நாலு பேரு எதிர்ல. அவரு ஒரு மாசம் வெளிய வரல." அவள் குரல் உயரவில்லை. "வையுங்க. மருந்துக் கடை சாத்தறதுக்குள்ள போவணும்."

வைத்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் நகரி முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் பார்த்தால் இனிமேல் மறைக்க எதுவும் பாக்கியில்லை. அதில் நிம்மதி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். இல்லை. உடம்பில் துணியில்லாமல் வராந்தாவில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. கீழே போய், முதல் பஸ்ஸில் ஏறி, பேர் தெரியாத ஊரில் இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கால் இரண்டு படி இறங்கியும் விட்டது.

"தாத்தா!" என்று டாக்டர் கூப்பிட்டாள்.

உள்ளே சுரேஷ்பாபு ஊசி மயக்கத்தில் கிடந்தான். மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மாலையைக் கழற்றிக் காகிதப் பையில் போட்டு மோனிகாவிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்னு சொன்னீங்களே மாமா."

அவர் கட்டியிருந்த மணிக்கட்டுகளைப் பார்த்தார்.

"புட்டியும் நீங்கதானாமே. நான் தறியாளுங்களத் திட்டிகினு இருந்தேன் இத்தினி நாளா."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சண்டை அப்புறம். ஒரு வாரம் உடம்பு நிதானத்துக்கு வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும். அதுக்கப்புறம் மனநல வார்டு. அவரு தெளிஞ்சதும் அவருகிட்டயே கேட்டுத்தான் சேர்ப்போம். குடி மட்டும்தானா, வேற ஏதாவது இருக்கான்னு எனக்கு இப்பவே தெரியணும். தனியாப் பேசறது, யாரோ பேசறது காதுல கேக்கறது, அந்த மாதிரி?"

"கேக்கும்" என்றார் கோகுலகிருஷ்ணன்.

"என்ன கேக்கும்?"

"இழை அறுந்துட்ச்சின்னு யாரோ சொல்றாப்பல."

"அவ்வளவுதானா? திட்டுமா, மெரட்டுமா? செத்துப்போன்னு சொல்லுமா?"

அவர் பன்னிரண்டு தறிகளின் நூல் எண் சொல்வார். ஐம்பது வருஷத்து உற்சவத்தில் எந்த வருஷம் யார் வடம் பிடித்தார்கள் என்று சொல்வார். தம் பிள்ளையின் காதில் என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரியாது.

"எந்த வருஷத்துல ஆரம்பிச்சது? குடிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை. பிறகு மருமகள் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும். இவளையே கேளுங்க."

நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதை மோனிகா பக்கம் தள்ளினார். வெளியே போகலாமா என்று கேட்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தார். "நீங்களும் இருங்க தாத்தா. நீங்களும் கேக்கணும்" என்றாள் அவள்.

கையைக் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கேயிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். பிறகு, "எனக்குக் கல்யாணமாகி நாலாம் மாசம், அந்தக் குரலு" என்று தொடங்கினாள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.